வியாழக்கிழமை மணி

எங்கள் கோயிலுக்கு மணி ஒரு தண்டவாளத் துண்டு.
பங்கருக்குக் கூரையாய்க் கிடந்தது.
மீளக் குடியேறிய வருஷம் கிண்டியெடுத்து
பாலை மரத்தில் சங்கிலி போட்டுத் தூக்கினோம்.
மாங்குளம் ரெயில் ஓடிய இரும்பு.
அந்திச் செபத்துக்கு மும்மூன்றாய் ஒன்பது அடி.
அடிக்கிறது நான்.
சுவாமி மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார்,
மாரியென்றால் ஒன்று.

யூஜினா குவைத்துக்குப் போனது கடனால்.
ஐந்து பெண்கள் ஒருத்திக்கொருத்தி பிணைநின்ற கடன்.
கோழிகள் ஒரே கிழமையில் செத்தன;
புதன்தோறும் பைலோடு வருகிற பெடியன்
நல்ல சுகமாயிருந்தான்.

புறப்படும்போது கழுத்துச் செபமாலையைக் கழற்றி
யூடியின் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.
"அந்த வீட்டில போடேலாதாம்.
பரவாயில்லை, பத்து விரல் கிடக்குத்தானே."

இங்கே ஆறு மணியென்றால் அங்கே மூன்றரை,
உடுப்பு அயன் பண்ணுகிற நேரம்.
போனைக் கல்லில் சாய்த்து, பதிவை அழுத்திவிட்டு
நொண்டி நொண்டிப் போய் அடிப்பேன்.
ஒன்பது அடி. பிறகு கொஞ்சம் வௌவால், கொஞ்சம் காற்று.
அனுப்புவேன்.
என் போனின் கண்ணாடி நொறுங்கினது;
கோடு நீலமா சாம்பலா, தெரியாது.

எடுத்தால் ஐந்து நிமிஷம் கதைப்பாள்:
அனுப்பிய காசு, யூடியின் இருமல்,
முதல் நன்மைக்கு வெள்ளைச் சட்டை.
மணியைப் பற்றி ஒரு சொல் இல்லை.
கேட்க எனக்கு வெட்கம்.
எட்டு மாதம்.

ஒருநாள் பீடத்தடியைக் கூட்டும்போது வாய்விட்டேன்:
நீரும் இப்படித்தான், ஆண்டவரே.
போய்ச் சேருகிறது என்று நினைக்கிறேன்.
அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.
பிறகு குப்பையை அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

மறைக்கல்வியில் யூடிக்கு ஒரு கதை சொன்னார்களாம்.
எசமானி துரத்திவிட்ட வேலைக்காரி,
தண்ணீர் தீர்ந்த துருத்தி,
பிள்ளை சாகிறதைப் பார்க்க மாட்டாமல்
தள்ளிப்போய் இருந்து அழுதவள்.
"பிறகு அவவுக்குக் கிணறு தெரிஞ்சதாம் அப்பா.
அது குவைத்துக்குக் கிட்டவோ?"
கிட்டத்தான், என்றேன்.

அந்த வியாழன் பொய்க்கால் உரசின இடம் சீழ் கட்டிற்று.
பாயில் கிடந்தேன். ஆறு மணி வந்து போனது.
ஒருத்தரும் வந்து கேட்கவில்லை.
மயில் மட்டும் எங்கோ கத்திற்று.
வெள்ளி ஒருமாதிரி எழும்பி அடித்தேன்.

இரவு பத்தரைக்குப் போன்.
"ஆறுதான் கிடக்கு."
என்ன ஆறு?
"மணி. வியாழக்கிழமையினதைக் காணேல்ல.
உங்களுக்கு என்னவோ எண்டு..."
நான் பேசாமல் இருந்தேன்.
"வெள்ளியிலதான் போன் கையில தருவினம்.
குளியலறைக் கதவைச் சாத்திப்போட்டு
தண்ணியைத் திறந்துவிட்டுக் கேக்கிறனான்,
ஒண்டொண்டாய்.
அடிக்கு ஒரு விரல் மடக்குவன்.
ஒன்பதும் முடிய ஒரு விரல் மிஞ்சும்.
அது யூடிக்கு."

ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்றேன்.
"சொன்னால் அழுதிடுவன்.
அஞ்சு நிமிஷத்தில எங்க அழுகிறது?"

போனை வைத்துத் திரும்பினால்
யூடி செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.
ஊன்றுகோலோடு நான் பின்னால்.
கம்பியை இரண்டு கையாலும் பிடித்து
தன் முழுப் பாரத்தையும் கொடுத்து அடித்தாள்.
நாய்கள் எழும்பின.
வீடுகளில் வெளிச்சம் வந்தது. டோர்ச்சுகள் ஓடிவந்தன.
"ஆர்? ஆர் மோசம்?"

"ஒருத்தருமில்லை," என்றேன். "வியாழக்கிழமை."

நீக்கிலாஸ் அண்ணை என்னைப் பார்த்தார்,
கல்லில் சிவப்புப் புள்ளி மினுங்குகிற போனைப் பார்த்தார்.
தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார்.
"எத்தினை அடிச்சிட்டாள்?"
ஏழு.
"அப்ப இன்னும் ரெண்டு கிடக்கு," என்று சொல்லி
நின்றார்.