சாட்சி இருமினாள்

ஹேக் நகரம், பிப்ரவரி. வெளியே
சைக்கிள்கள் நனைகின்றன.
கஜால் ரசூலின் முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர்,
ஒரு விலைச்சீட்டு:
துணிச் சாயத்துக்கான ரசாயனம், நாற்பது பீப்பாய்.

விற்றவருக்குத் தெரியுமா என்பதே கேள்வி,
என்கிறார் எதிர்த்தரப்பு வக்கீல்.
சட்டமும் அப்படித்தான்:
கை மட்டும் போதாது, மனமும் வேண்டும்
குற்றத்துக்கு.

சாயப் பட்டறையா?
எங்கள் பக்கம் மலைதான் இருந்தது, ஐயா.
முதலில் கௌதாரிகள் விழுந்தன, கூண்டுக்குள்ளேயே.
அப்புறம் காற்றில் பூண்டு வாடை.
அப்புறம்

இருமல்.
அதற்கு வயது பதினேழு.
மொழிபெயர்ப்பாளர் மைக்கருகே வாய் திறந்து
மூடிக்கொள்கிறார்.

மாலையில் படித்துக் காட்டிய பதிவில்
'சாட்சி சற்று நிறுத்தினார்' என்றிருந்தது.
நீதிபதி அதை அடிக்கச் சொன்னார்.
'இருமினார்' என்று எழுதுங்கள்.
எத்தனை நிமிடம் என்றும்.