வடிகட்டிக் கிண்ணம்

சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது,
சுற்றுகிறது,
பிடிக்க மாட்டேன் என்கிறது.
முர்காபில் விடியற்காலை, மைனஸ் முப்பத்தொன்று.
ரங்குலில் நாற்பது யாக்குகளைப் பட்டியில் அடைத்துவைத்து
எனக்காகக் காத்திருக்கிறார்கள்.
தடுப்பூசிக் குப்பிகள் உறைந்துவிடக் கூடாதென்று
கோட்டுக்குள் வயிற்றோடு கட்டியிருக்கிறேன்.
வண்டியை எந்த வயிற்றில் கட்டுவது?

எதிர்வீட்டு ஒரோஸ்மத் வந்துவிட்டான்.
நான் கூப்பிடவில்லை.
கையில் சுழற்றும் கம்பி.
"பேட்டரிதான் குல்பார்ச்சின், பேட்டரியேதான்."
பானெட்டைத் தூக்குமுன்பே சொன்னான்.

பேட்டரி இல்லை.
ராத்திரி முழுக்க அது என் அடுப்போரம் படுத்திருந்தது.
ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டினேன்.
எதிர்ச்சுவரில் அவன் நிழல்
கம்பியும் கையுமாய்ப் பெரிதாக நின்றது.

"அப்போ பாயிண்ட்."
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி
சால்வை நுனியால் துடைத்தேன்.
ஒரு பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் ஒட்டவைத்து
சுற்று என்றேன்.
முன்னால் குனிந்து முக்கிச் சுற்றினான்.
டிக், டிக்,
நீலமாய், கடுகளவு பொறி.
கடுகளவு போதும்.

"சோக்கு?"
இழுத்தாயிற்று.
"உயரம்தான். மூவாயிரத்து அறுநூறு மீட்டர்,
மனுசனுக்கே மூச்சு வாங்குது."
இது இங்கேயே கிழடான ராணுவ வண்டி ஒரோஸ்மத்,
இதற்கா மூச்சு வாங்கும்?

காற்று வடிகட்டியைத் தூக்கிவிட்டு
கார்புரேட்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்தேன்.
ஆக்ஸிலரேட்டர் கம்பியை இழுத்தால்
ஒரு பீச்சு பீச்ச வேண்டும்.
இல்லை.
இரண்டாம் முறையும் இல்லை.
தொண்டை வறண்டு கிடந்தது.

பொறி உண்டு. காற்று உண்டு.
மிச்சம் ஒன்றே ஒன்று,
அதை மட்டும் அவன் சொல்லவில்லை.
அதுவரை ஓயாமல் பேசியவன்
கையுறையை ஒவ்வொரு விரலாக
இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

பம்புக்குக் கீழே கண்ணாடிக் கிண்ணம்.
அழுக்கைச் சால்வையால் தேய்த்தேன்.
அடியில் ஒரு விரல் உயரத்துக்கு வெள்ளைக் கட்டி.
மேலே பெட்ரோல்,
எனக்கொன்றும் தெரியாது என்பதுபோல.

வியாழக்கிழமை இவனிடம்தான் வாங்கினேன்,
ஊறுகாய் ஜாடியில் ஏழு ஜாடி.

தண்ணி காட்டிவிட்டாயே என்று
வாய்வரை வந்தது.
அவன் வீட்டில் கை நனைத்தவள் நான்.
அவன் ஆட்டுக்குக் கழிச்சல் என்றால்
நடுராத்திரியில் பூட்ஸ் மாட்டுகிறவள்.
பாதிப் பற்களால் உதட்டைக் கடித்துக்கொண்டு
ஸ்பேனரைத் தேடினேன்.

நிமிர்ந்தபோது ஆளைக் காணோம்.
ஓடிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.
ஒரு கையில் கொதிக்கும் கெட்டிலோடு வந்தான்,
மறு கையில் தன் மோட்டார் சைக்கிளிலிருந்து உறிஞ்சிய பெட்ரோல்,
உறிஞ்சிய நாற்றம் இன்னும் வாயில்.
குழாய் நெடுகக் கந்தல் சுற்றி
வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான்,
காய்ச்சல்காரனுக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல.
"ஓஷிலிருந்து வருகிற லாரிக்காரன்..." என்று ஆரம்பித்தான்.
முடிக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஒரு இருமல்.
ஒரு பெரிய இருமல்.
பிறகு பிடித்துக்கொண்டது.
தெரு முழுக்கப் புகை.
கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்,
நன்றிக்கு நிற்கவில்லை.

நெடுஞ்சாலை ஏறிய பிறகுதான் உறைத்தது.
பாதி காலியான டேங்க் குளிரில் தானாகவே வியர்க்கும்.
பத்து நாளாக அதை அப்படித்தான்
வெட்டவெளியில் நிறுத்தியிருந்தேன்,
நான்தான்.
லாரிக்காரன், ஒரோஸ்மத், நான்:
மூன்று பேரையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க
என்னிடம் ஸ்பேனர் இல்லை.

கிண்ணத்திலிருந்து தட்டியெடுத்த கட்டியை
எதற்கென்று தெரியாமல்
ஆஷ்டிரேயில் போட்டிருந்தேன்.
ஹீட்டர் சூட்டில் அது உருகி
பெட்ரோல் வாசத்தோடு தளும்பிக்கொண்டு வந்தது.
ரங்குலுக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர்.
திரும்பி வந்ததும் டேங்கை நிரப்ப வேண்டும்.
எங்கள் தெருவில் விற்பவன் அவன் ஒருவன்தான்.