புத்தகம் தீர்ந்துவிட்டது

டி.சி. புத்தகம் தீர்ந்துவிட்டது என்றேன்.
ஒன்றியத்திலிருந்து வரவேண்டும்,
வாரமாகும், பத்து நாள்கூட ஆகலாம்.
பொய்.
சத்துணவுக் கூடத்து அரிசிப் பீப்பாயில்
பிளாஸ்டிக் உறைக்குள் படுத்திருந்தது அது.
அஞ்சம்மாளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

தேர் வடத்தில் தொடங்கியது என்கிறார்கள்.
ஒரு பைக் நிற்காமல் போனதில் என்கிறார்கள்.
கோரையாற்றுப் பாலத்துக்குக் கிழக்கே பதினாறு கூரை.
மேற்கே ஒரு டிராக்டர், ஒரு வைக்கோல் போர்.
தஞ்சாவூர்ப் பிணவறையில்
வைரக்கண்ணுவின் மூத்த மகன்.
போன வருஷம் எங்களிடம் எட்டாவது முடித்தவன்.

எட்டாம் வகுப்பில் காவலர்கள் படுத்திருந்தார்கள்.
பதினாறாம் வாய்ப்பாட்டை அழித்துவிட்டு
யார் எந்த நேரம் விழித்திருக்க வேண்டும் என்று
கரும்பலகையில் எழுதியிருந்தார்கள்.
ஜன்னல் கம்பியில் பனியன்கள் காய்ந்தன.
"ரெண்டு நாள் பொறுங்க மேடம்" என்றார் ஆய்வாளர்.
நான்காம் நாள் போய் நின்றேன்.
அறையைக் கொடுங்கள், வாய்ப்பாட்டையும் கொடுங்கள்.
சிரித்தார்.
அறையை மட்டும் கொடுத்தார்.

கல்வி அலுவலகத்திலிருந்து போன்:
இயல்புநிலை திரும்பியது என்று
ஒரு வரி அனுப்புங்கள், போதும்.
நூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தொன்று வருகை
என்று அனுப்பினேன்.
அதுவும் ஒரு வரிதான்.

பிரகல்யா வரப்பில் வந்தாள்.
ரோடு மேலத்தெரு வழியாகப் போகிறது.
சம்பா நட்ட வயல், முழங்கால் வரை சேறு,
கையில் செருப்பு.
அவள் கால் கழுவ நின்றபோது
உத்திராபதியின் மகன் கைப்பம்பை அடித்தான்.
யாரும் அவனிடம் சொல்லவில்லை.
அவளும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
இதை நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.
எழுதினால் வீட்டில் அவனுக்கு அடி விழும்.

உத்திராபதி மூன்று முறை வந்தார்.
"மன்னார்குடியில சேத்துர்றேன், குடுத்துருங்க."
புத்தகம் இல்லையே.
"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க."
போன தடவையும் இல்லைதான்.
பீப்பாயைப் பார்த்தார்.
அஞ்சம்மாள் அதன்மேல் உட்கார்ந்து
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.
"இன்னக்கி அரிசி அளக்கலயா?" என்றார் அவளிடம்.
பதிலுக்கு நிற்கவில்லை.
பையனை விட்டுவிட்டுப் போனார்.

ராத்திரி படுத்தால் வரும்:
பிள்ளைகளுக்காகவா, எண்ணிக்கைக்காகவா?
தலைகள் குறைந்தால் இரண்டு ஆசிரியர் போய்விடுவார்கள்,
அப்புறம் கட்டடம் மட்டும் இருக்கும்.
அது சரி.
நாளை வகுப்புக்குள் ஒரு கல் வந்து விழுந்தால்
புத்தகத்தை ஒளித்தவள் நான்.

வைரக்கண்ணு வந்தபோது பொய் வரவில்லை.
இளையவனைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் போகிறாராம்.
அஞ்சம்மாள் எதுவும் கேட்காமல் எழுந்து நின்றாள்.
பீப்பாயைத் திறந்து, உறையை உதறி, உட்கார்ந்து எழுதினேன்.
பெயர். பிறந்த தேதி.
சாதி என்ற கட்டத்தில் பேனா நின்றது.
பிறகு எழுதியது.
நடத்தை, நன்று.
விலகியதன் காரணம்:
மூன்று அங்குலம் இடம் விட்டிருக்கிறார்கள் அதற்கு.
பெற்றோர் விருப்பம் என்று எழுதினேன்.

எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்தார்.
அந்தக் கடைசிச் சொல்லின்மேல்
ஓர் அரிசி ஒட்டியிருந்தது, ஈர மையில்.
நகத்தால் எடுத்தார்.
கீழே போடவில்லை.
வாயில் போட்டுக்கொண்டு
மகனைத் தேடி வகுப்புப் பக்கம் நடந்தார்.