எட்டுப் போடுதல்

பதினோரு வருஷமாய்ப் புழு வளர்க்கிறேன்.
கூட்டின் கடைசி வாசலைப்
புழு அடைக்கிற நிமிஷத்தை
ஒருமுறையும் பார்த்ததில்லை.
பழுத்த புழுவைச் சந்திரிகையில் ஏற்றிவிட்டால்
தழை அறுத்த கை இரண்டும்
கழற்றிவைத்த மாதிரி கிடக்கும்.
கண் விழித்தால்
எல்லாம் வெள்ளையாய் முடிந்திருக்கும்.

போனை நிறுத்திவைக்க
எப்படியும் வளைகிற கால் ஒன்று
பாலக்கோட்டுக் கடையில் தொங்கியது.
எண்ணூற்று ஐம்பது.
ஒரு கிலோ கூட்டுக்கு
எனக்கே அவ்வளவு தருவதில்லை.

முதலில் கட்டுக்கம்பி,
கான்கிரீட் போட்ட மிச்சம்.
வளைத்தால் வளைந்து
கையை எடுத்ததும் பழைய கோபத்துக்குத் திரும்பியது.
அடுத்து எரிந்த மோட்டாரின் செப்புக்கம்பி.
அது எல்லார் பேச்சையும் கேட்கும்.
என் பேச்சைக் கேட்டு நின்றது,
போனின் பேச்சைக் கேட்டு
மெல்லத் தலைகுனிந்து
மல்பெரிக் கூடைக்குள் போய் விழுந்தது.

மாரண்டஹள்ளியில்
அஸ்லம் பாயின் காயலான் கடை.
நாலு மில்லி அலுமினியம்.
எத்தனை அடி என்றார்.
பாதத்திலிருந்து இடுப்புவரை காட்டினேன்,
இதுபோல மூன்று.
"மூணு காலு புள்ளையாம்மா?"
தராசில் போட்டு
இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஒவ்வொன்றையும் இரண்டாய் மடித்து
மடிப்பைக் கதவுக் கொக்கியில் மாட்டி
முறுக்கினேன். தலை பின்னுகிற கைதானே.
மூன்று முனையும்
தண்ணீர்க் கேன் மூடிக்குள்,
மேலே எம்-சீல்,
அது இறுகுமுன் என் கொண்டைக் கிளிப்.
காலுக்கு சைக்கிள் ட்யூப் சுற்றலாம் என்றான் மாதேஷ்.
ரப்பர் வாடை புழுவுக்கு ஆகாது.
நைந்த பாவாடையைக் கீற்றாய்க் கிழித்துச் சுற்றி
எம்-சீல் நாற்றம் போக
இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன்.
ஊறுகாய் மாதிரி காய்கிறதே என்றான்.

இரண்டு கால் தாங்கியின் மூங்கிலைப் பிடித்துக்கொள்ள
மூன்றாவது கால்
சந்திரிகைமேல் சாய்ந்து நின்றது.
அரை நிமிஷத்துக்கு ஒரு படம்,
இரண்டு பகல், இரண்டு இரவு.
நான் போய்ப் படுத்துவிட்டேன்.

மொத்தமும் மூன்று நிமிஷத்தில் ஓடியது.
புழு தலையைத் தூக்கி
இப்படி ஒரு சுழி, அப்படி ஒரு சுழி,
எட்டு. மறுபடி எட்டு.
ஆர்டிஓ மைதானத்தில்
இதே எட்டில் இரண்டு தரம்
காலை ஊன்றி வெளியே வந்தவள் நான்.
இதற்குக் கோடும் இல்லை, கொடியும் இல்லை,
ஊன்றத் தரையும் இல்லை.
சரக்கு ரயில் போன இடத்தில்
ஒரே ஒரு படம் கலங்கியிருந்தது.
அடுத்த படத்தில்
விட்ட எட்டிலேயே இருந்தது புழு.

கடைசி வாசலை மட்டும் காணவில்லை.
திரும்பத் திரும்ப ஓட்டினேன்.
முதலில் புழு, மேலே கொஞ்சம் பனி.
பிறகு பனி, உள்ளே கொஞ்சம் புழு.
பிறகு, புழு இருந்த இடம் எனக்குத் தெரியும்,
அவ்வளவுதான்.
அடைக்கிற நிமிஷம் என்று
எதுவும் இல்லவே இல்லை.
பதினோரு வருஷமாய்த் தூங்கியதில்
ஒன்றும் குறைந்துவிடவில்லை போல.

ஆறாம் நாள் கூடு பிரித்தோம்.
அறுபத்து மூன்று கிலோ.
தருமபுரி ஏலத்துக்கு மூட்டை கட்டும்போது
மாதேஷ்தான் கூப்பிட்டுக் காட்டினான்.
மூன்று காலும் மூடியில் சேரும் கவட்டில்,
பாவாடைக் கீற்றைப் பிடித்துக்கொண்டு
ஒரு கூடு.
கேமராவின் முதுகுக்குப் பின்னால்
எப்போது ஏறியதோ.
அதன் எட்டு ஒன்றுகூட
என் படத்தில் இல்லை.

பிய்க்கக் கை நீட்டினான்.
"ரெண்டு கிராம், விடு" என்றேன்.

அந்தக் கவட்டை
இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் வளைக்க முடியாது.
அதுவரை எடுக்கிற படமெல்லாம்
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தே இருக்கும்.