ஆகஸ்ட் மழை

தியாகிகள் பென்ஷன் மனுக்கள் என் மேஜைக்கு வந்தது
எழுபத்திரண்டில். மாதம் இருநூறு ரூபாய்.
முப்பத்தோரு மனு. முப்பத்தொன்றிலும் மழை.

கொட்டும் மழையில் தண்டவாளம் பெயர்த்தோம்
என்று ஒருவர்.
அரிக்கேன் விளக்கைப் பல்லில் கடித்தபடி
வெண்ணாற்றில் குதித்தேன் என்று இன்னொருவர்.
வீட்டில் கடித்துப் பார்த்தேன். முடியாது.

தாலுகா ஆபீஸ் மழைமானிப் பதிவேட்டை எடுத்தேன்.
நாற்பத்திரண்டு, ஆகஸ்ட், அந்த வாரம் முழுக்க
பூஜ்யம், பூஜ்யம்.
மேட்டூர்த் தண்ணீர் கரை தட்டிப் போயிருக்கும்.
வானத்திலிருந்து ஒரு சொட்டு இல்லை.

இந்த மழை எனக்குத் தெரியும்.
நாற்பத்தொன்பதில் அந்தப் படத்துக்காக
மெட்ராஸ்காரர்கள் இங்கேதான் பெய்ய வைத்தார்கள்.
ஆற்றில் குழாய் விட்டு, பம்பு வைத்து,
வெண்ணாற்றையே தலைகீழாகக் கொட்டினார்கள்.
பண்ணையார் மகனாக நடித்தவன்
கலையாத கிராப்போடு பாலத்தில் நின்று வசனம் பேசினான்.
கூட்டத்தில் நிற்க ஆளுக்கு எட்டணா.
மனுதாரர்களில் பத்தொன்பது பேர் அதில் நின்றவர்கள்.
நனைந்தது உண்மை. நடுங்கியதும் உண்மை.
பொய் என்று எந்தப் பத்தியில் எழுதுவது?

முப்பத்திரண்டாவதாக வேம்பையன் வந்தார்.
கீழத்தெரு. எழுதத் தெரியாது, வாயால் சொன்னார்:
நல்ல நிலா. எனக்கு வயித்துக் கடுப்பு.
கடப்பாரை பண்ணையில கேட்டு வாங்கினது.
அதைத் திருப்பித் தராததுக்குத்தான் முதல் அடி.
ரயிலுக்கு அடி மறுநாள்.
கூட யார்?
தம்பி அய்யாறு. லாக்கப்புலேருந்து வரல.
சிறைச் சான்று?
அடிக்கு யாருங்க ரசீது குடுத்தா?

மழை எங்கே என்றார் தாசில்தார்.
முப்பத்தோரு பேர் மழை என்கிறார்கள்,
இந்த ஆள் மட்டும் நிலா என்கிறானே.
வாக்குமூலம் முரண். தள்ளுபடி.

படியிறங்கியவரை டீக்கடை மறைவில் பிடித்து
அப்பீலில் மழையைச் சேர்த்துக்கிடுங்க என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
எவ்வளவு மழை? என்று கேட்டார்.

நானே எழுதிக் கைநாட்டு வாங்கினேன்.
பென்ஷன் வந்தது.

ஐம்பதாம் ஆண்டு விழா.
மேடைக்குப் பின்னால் பேனரில் அந்த நடிகன் முகம்.
வேம்பையனுக்குப் பொன்னாடை, கையில் மைக்.
"அன்னிக்குப் பாருங்க, அப்படியொரு மழை"
என்று கண்ணை மூடித் தோளைக் குறுக்கினார்.
நனைகிறவர் அப்படித்தான் நிற்பார்.
அய்யாறு பேரைச் சொல்லவில்லை.

ராத்திரி வீட்டில் பழைய நகலைத் தேடியெடுத்தேன்,
நானாவது எழுதியிருந்தேனா என்று.
மழைக்கே ஒரு பக்கம் போயிருந்தது.