பொருட்கள்: ஐஸ், முடி, மற்றவை

காசிமேட்டில் மூடிக்கிடந்த ஐஸ் ஃபேக்டரியைப்
பத்து நாள் வாடகைக்கு எடுத்து
வெள்ளை அடித்திருந்தார்கள்.
அமோனியா வாடை வெள்ளைக்கு மேலும் கசிந்தது.

என் பங்குக்கு ஏழு ஐஸ் பார்.
ஒவ்வொன்றுக்குள்ளும் என்னிலிருந்து விழுந்தது ஏதாவது:
மழித்த தாடியின் துகள்,
பாத்ரூம் சல்லடையில் சிக்கிய முடிச்சுருள்,
பாலும் கண்ணாடியும் விலக்கிய நாற்பது நாளில்
மாற்றி மாற்றி வைத்த பஞ்சு.
இடைவெளிகளை நிரப்ப மீன் குடல்.

குடல் கேட்டுப் போனபோது
எதுக்கு என்று ஜெசிந்தாக்கா கேட்கவில்லை.
"எத்தினி கிலோ?" என்றாள்.

அட்டையில் பொருட்களின் பெயர் வேண்டுமாம்.
பேனாவோடு நிற்கிறான் ஒரு பையன்.
"ரத்தம்னு போட்டுடலாமா மேடம்? இல்ல,
யாரோடதுன்னு… ஆண், அதாவது… எப்படிப் போடறது?"
ரேஷன் கார்டிலிருந்து பாஸ்போர்ட் வரை
இதே கட்டத்தில்தான் மை நின்றது.

ஆறு மணிக்குத் திறப்பு.
ஐந்தரைக்குக் கரண்ட் போனது.
முதலில் மஞ்சளாக, பிறகு வெளிர்சிவப்பாக
தரை சரிந்த பக்கம் தேடி
ஓடத் தொடங்கியது என் உடம்பு.
லினன் சேலைகள் கரையைத் தூக்கிக்கொண்டன.
"ரொம்பத் துணிச்சல்" என்றார் ஒருவர்
கைக்குட்டைக்கு உள்ளிருந்து.
அவர் பஞ்சைப் பார்க்கவில்லை.
என் கழுத்தைப் பார்த்தார்,
குரல்வளை எவ்வளவு துருத்துகிறது என்று.

கரண்டுக்கு முன்னால் ஜெசிந்தாக்கா வந்தாள்,
முழங்கை வரை செதில்.
செருப்பை வாசலிலேயே விடப் போனாள்.
போட்டுக்கோக்கா, வழுக்கும் என்றேன்.
மூன்றாவது பார்மேல் குனிந்து
மூக்கால் பார்த்தாள்.
"உப்பில்லாம வச்சினுகீறியே, ராவுக்குள்ள பூடும்."
பஞ்சைக் காட்டி,
"இது உன்துதா?"
ஆமாக்கா.
"ஆறிடிச்சா?"
ஆறிடிச்சு.

சரி என்று தலையாட்டியவள்
போகிற போக்கில் வேறெதையோ பேசினாள்:
"காலைல ஒரு கொடுவா. பன்னெண்டு கிலோ.
வவுத்தக் கீறினா அவ்ளோ சினை.
முப்பது வருசமா அறுக்கிறேன்,
பொடிக் கொடுவாவுல சினை பார்த்ததே இல்ல.
பெருசானாத்தான் வருது அதுக்கு."

உப்பு எடுக்கப் போய்விட்டாள்.

அட்டை இன்னும் காலி.
பையனிடமிருந்து பேனாவை வாங்கி எழுதினேன்:
கல்லுப்பு, ரெண்டு கிலோ, கடன்.
மற்றதெல்லாம் அதற்குள்
வாசற்படி தாண்டி
லாரிகளின் டயருக்கடியில்
துறைமுகம் பக்கம் போய்க்கொண்டிருந்தது.