வெள்ளை வினிகர், சிறிய போத்தல்

பகாவில், பஸ் நிலையத்துக்குப் பின்னால்
தவுக்கே சின்னின் கடையில்
கல்லாவில் நிற்கிறேன். பதினோரு வருஷம்.
கடன் புத்தகத்தில் பாதி என் கையெழுத்து.

உப்புக்கும் சீனிக்கும் யாரும் காரணம் சொல்வதில்லை.
வினிகருக்கு மட்டும் சொல்லிவிடுவார்கள்.
மிளகாய் ஊறப்போட என்பார் மீ கடைக்காரர்.
கெண்டியின் அடியில் சுண்ணாம்பு,
ஊற்றிக் கொதிக்கவைத்தால் தகடாய்க் கழன்று வரும்
என்பாள் கிராணி வீட்டுக்காரி.
பால்வெட்டுச் சட்டையின் நாற்றத்துக்கு
கடைசி அலசலில் அரைக் கோப்பை.
இது தவமணி சொன்னது, நானும் செய்கிறேன்,
போகும், முழுசாகப் போகாது.
மீன் வெட்டிய பலகைக்கு.
எறும்பு வரிசைக்கு.
ஒருத்தி குளோராக்சோடு கலந்து கக்கூஸ் கழுவி
கண்ணெரிய ஓடிவந்து
முனியாண்டி கோயில் படியில் உட்கார்ந்து
இருட்டும்வரை இருமினாள்.
அன்றிலிருந்து இரண்டையும்
நான் ஒரே பையில் போடுவதில்லை.

அஞ்சலாட்சி காரணம் சொல்லவில்லை.
நாலாம் நம்பர் லயம். மூன்று பிள்ளைகள்.
கடைசி இன்னும் மார்பை விடவில்லை.
வாரம் ஒரு போத்தல், சிறியது.
சில்லறையை எண்ணி வைப்பாள்,
போத்தலைத் துண்டுக்குள் சுருட்டுவாள்.
ஊறுகாய் போடுகிறவள் ஏன் சுருட்டவேண்டும்?

எனக்குத் தெரியும்.
நானும் கழுவியவள்.
பால் ஸ்டோரில் தட்டு தட்டாய் ஆசிட் விட்டு
பால் உறைவதைப் பார்த்தே வளர்ந்த புத்தி,
உடம்புக்குள்ளும் ஒரு தட்டு இருக்கிறது
என்று நினைத்துக்கொண்டது.
எரிந்தது.
எரிந்தால் வேலை செய்கிறது என்று பொருள்,
அப்படித்தான் பல்லைக் கடித்தேன்.
அந்த எரிச்சலுக்கு இப்போது ஏழு வயது,
தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு,
சட்டைப்பையில் எப்போதும் ரப்பர் விதை.

ஒரு புதன்கிழமை
தவுக்கேயிடம் பல்வலி என்று பொய் சொல்லி
அவளைக் கிளினிக்குக் கூட்டிப்போனேன்.
மிஸ்ஸி ரொகாயா
பாதி மலாய், பாதி தமிழ், மீதி விரலால் பேசினார்.
"நீ எழுந்து கழுவப் போறதுக்குள்ள
அது உள்ள ஓடிரும்.
சூக்கா துரத்திப் பிடிக்காது.
புண்ணுதான் மிச்சம்."

மேசைமேல் ஒரு வில்லை, ஒரு குழாய் ஜெல்.
விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிற மருந்து.
ஆழமாய் வைக்கவேண்டும்.
கரைய கால்மணி நேரம் காத்திருக்கவேண்டும்.
அதன் காவல் ஒரு மணி நேரம்தான்.
மறுபடி என்றால் மறுபடி ஒரு வில்லை.
முடிந்தபின் ஆறு மணி நேரம்
உள்ளே கழுவக்கூடாது, வெறும் தண்ணீரால்கூட.

"கால்மணி நேரம் காத்திருக்கிற ஆளா அவரு?"
அஞ்சலாட்சி கேட்டாள்.
மிஸ்ஸி சிரித்தார். நானும்.
அவள் சிரிக்கவில்லை.

இதை மட்டும் நம்பினால்
வருஷத்தில் நூறு பேரில் இருபதுக்கு மேல் தங்கிவிடும்,
ஆணுறையும் சேர்ந்தால் குறையும் என்றார்.
நோயைத் தடுக்காது.
அடிக்கடி வைத்தால் உள்தோல் எரியும்,
எரிந்தால் பொறுத்துக்கொள்ளாதே, வந்து சொல்,
ஊசி இருக்கிறது, வேறு வழி இருக்கிறது.
பொறுத்துக்கொள்ளாதே.
அந்தச் சொல்லை அவர் தமிழில்தான் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில்
செம்பனை, செம்பனை, ஒரு துண்டு பழைய ரப்பர்,
மறுபடி செம்பனை.
அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது.
ஜெபமோ என்று நினைத்தேன்.
"நம்ம லயத்துல நாப்பது கதவு," என்றாள்.
"எட்டு வீடு.
எந்த எட்டுன்னு யாருக்குக்கா தெரியும்?"

அவள் புருஷனிடம் எப்படிப் பேசினாள்,
பேசினாளா, நான் கேட்கவில்லை.
இரண்டு வாரம் கடைப்பக்கம் வரவில்லை.
பிறகு ஒரு சம்பள நாள் வந்தாள்.
அரிசி, நெத்திலி, சிறிய போத்தல் ஒன்று.
என் கை கணக்குப் புத்தகத்தின்மேல் நின்றது.

"கெண்டிக்கு," என்றாள்,
வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி.
துண்டை எடுத்தாள்,
வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.
போத்தலைக் கழுத்தைப் பிடித்துத்
தூக்கிக்கொண்டு நடந்தாள்.